மூன்று மணி நேர வெயில்

ஐ.சி.எஃப். குவார்ட்டர்ஸுக்கு வந்த மூன்றாவது ஆடியில்
வெல்டிங் நெடி போகாத சட்டையோடு
"முன்னாடி புல்லு வளர்க்கலாம்" என்றார் கனகசபாபதி.
வீட்டில் யாரும் மறுக்கவில்லை.
மறுத்தது மரம்.

இரண்டு தூங்குமூஞ்சி, ஒரு நாட்டுவாதுமை.
அவற்றின் அடியில்
நடுப்பகல் பன்னிரண்டும்
விளக்கு வைக்கிற நேரம் மாதிரி.
மழைக்கு இலையை மூடி வழிவிடும் மரம்தான்,
தண்ணீரில் கஞ்சத்தனம் கிடையாது.
வெளிச்சத்தை மட்டும் எண்ணித் தரும்.

செங்குன்றத்திலிருந்து குட்டியானையில் செம்மண் வந்தது.
கொட்டிவிட்டு டிரைவர் அண்ணாந்து பார்த்தான்.
"இங்கியா? புல்லா?"
காசை எண்ணிக்கொண்டு போய்விட்டான்.

நிழலுக்குத் தாங்கும் என்று நர்சரியில் கொடுத்த எருமைப்புல்லை
நான்கு பேரும் ஆளுக்கொரு மூலையில் குந்தி
நாலு விரல் இடைவெளிவிட்டு நட்டோம்.
மதிவதனி தன் விரலால் அளந்தாள்.
ஏழு வயது விரல்.
அவள் மூலை மட்டும் நெருக்கியடித்து நின்றது,
காலை நேரத்து மின்சார ரயில் போல.

அரிசி களைந்த நீர்,
ஏசி சொட்டும் நீர்,
லாரி வராத நாளில்
குடத்தடியில் மிஞ்சிய கலங்கல்.
பத்தாம் நாள் மஞ்சள்,
பதினைந்தாம் நாள் வைக்கோல்.
மாடிவீட்டு ஜெசிந்தா துணி உலர்த்தியபடியே கேட்டாள்,
"ஆடு வாங்கப் போறீங்களாக்கா?"

கிளையை வெட்ட ஆள் பார்த்தார் அவர்.
மனு எழுதி ஆபீசில் கொடுக்க
தாளும் கார்பனும் வாங்கி வந்தார்.
"சித்திரையில் அந்தக் கிளையாலதான்
இந்த வீட்டுல மனுஷன் தூங்க முடியுது" என்றேன்.
இரண்டு நாள் பேச்சில்லை.
சாம்பாரில் உப்பில்லை என்பதைக்கூட
மகளிடம் சொல்லித்தான் அனுப்பினார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு
புகழேந்தி என் கோலமாவு டப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.
பதினான்கு வயது, கேட்டால் ஒரு சொல்
கேட்காவிட்டால் அதுவும் இல்லை.
தரையில் விழுந்த வெயில் துண்டு ஒவ்வொன்றையும்
சுற்றிக் கோடு போட்டான்.
எட்டு மணிக்கு வேறு இடம், வேறு கோடு.
ஒன்பதுக்கு, பத்துக்கு.
குழம்பு வாசத்துக்கும் உள்ளே வரவில்லை,
தட்டைக் கையில் வைத்துக்கொண்டு
வெயில் நகரக் காத்திருந்தான்.

ஐந்து மணிக்குப் பார்த்தால்
எந்தப் பெண்ணும் போட்டிராத கோலம்.
கோட்டின் மேல் கோடு, அதன் மேல் கோடு.
மூன்று கோடு ஒன்றாய்ச் சூழ்ந்த இடங்கள் ஏழு:
ஒன்று கருகிய தோசை, ஒன்று அறுந்த செருப்பு,
மதிவதனி சொன்னபடி ஒன்று வஞ்சிரம்.
"இங்க மட்டும் நட்டா போதும்."
"மீதி இடத்துல?"
"மீதி இடத்துல மரம்."

அவர் அந்தத் தாளை நாலாய் மடித்து
ஆடும் மேசைக்காலுக்கு அண்டக் கொடுத்தார்.

ஐப்பசி மழையில் பிடித்துக்கொண்டது புல்.
திருவொற்றியூர் நாத்தனார் வந்தவள்
"என்னடி, தரைக்குத் தேமலா?" என்றாள்.
ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவர்
காலையில் வஞ்சிரத்தில் படுப்பார்.
முகத்தில் வெயில் சுட்டதும்
தலையணையை இழுத்துக்கொண்டு நிழலேறிய தோசைக்குப் போவார்.
வெயில் அங்கும் துரத்தினால் செருப்புக்கு.
அவர் எந்தப் புல்லில் கிடக்கிறார் என்பதை வைத்து
நான் உலை வைத்தேன்.

இது மார்கழி.
வஞ்சிரத்தின் வால் பக்கம் மஞ்சள் தட்டுகிறது.
"சூரியன் தெற்கால போயிடுச்சு" என்கிறான் புகழேந்தி,
பக்கத்துத் தெருவுக்கு யாரோ குடிபோன மாதிரி.
வெறும் மண்ணாய்க் கிடந்த இடத்தில் இப்போது
புதிதாய் ஒரு வெயில் வந்து உட்கார்ந்திருக்கிறது,
இன்னும் உருவம் பிடிபடவில்லை.

மளிகைச் சீட்டில்
கோலமாவு ஒரு பாக்கெட் என்று எழுதியதை அடித்து
நான்கு என்று திருத்துகிறேன்.
கடைக்காரர் கேட்பார்,
பொங்கலுக்கா என்று.